வீட்டில் கேட்டு வரவும்

சென்னம்மாள் டீச்சர் சிங்காரப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பதினேழு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். பதினேழு வருடமும் ஒரே அறை. தலைமையாசிரியர்கள் ஐந்து பேர் மாறினார்கள், கூரை ஓடு இரண்டு முறை மாறியது, கிழக்கு மூலையில் இருந்த அந்த அறையும் அவளும் மட்டும் மாறவில்லை. ஊரில் அதைக் கணக்கு ரூம் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். சென்னம்மா ரூம் என்றுதான் பெயர்.

அவளைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. நன்றாகச் சொல்லிக்கொடுப்பாள் என்பது ஒன்று. மார்க் விஷயத்தில் கல்நெஞ்சக்காரி என்பது இன்னொன்று. ஊராட்சித் தலைவர் மகன் முப்பத்து நான்கு எடுத்தபோது, ஒரே ஒரு மார்க் போட்டுவிடும்மா என்று தலைமையாசிரியர் கைகூப்பாத குறையாகக் கேட்டார். போடவில்லை. சொந்த அக்கா மகள் முப்பத்து மூன்றில் நின்றாள். அதற்கும் போடவில்லை. அக்கா இரண்டு பொங்கலுக்கு வீட்டு வாசல் மிதிக்கவில்லை. "யாருக்கும் ஒரு மார்க் கூடவும் போட்டதில்ல, ஒரு மார்க் குறைச்சும் போட்டதில்ல" என்று சென்னம்மாள் சொல்வாள். சொல்லும்போது கழுத்து சற்று நிமிரும். அவளிடம் நகை நட்டு அதிகம் கிடையாது. இந்த ஒரு வாக்கியத்தைத்தான் அணிந்துகொண்டிருந்தாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

எண்பத்தொன்பதாம் வருடம் மே மாதம் மாறுதல் உத்தரவு வந்தது. அவள் கேட்டு வாங்கியதுதான். கணவர் ரத்தினவேல் மின்வாரியத்தில் வேலையாக ஓசூருக்குப் போய் நான்கு வருடமாகிவிட்டது. சனிக்கிழமை பஸ் பிடித்து கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை என்று மாறி மாறி வந்து, திங்கட்கிழமை விடியுமுன் திரும்பி ஓடும் பிழைப்பு அவருக்கும் அலுத்துவிட்டது. ஓசூரில் ஃபேக்டரிகள் பெருகி, அங்கே வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் பெருகி, புதிதாக ஒரு பள்ளிக்கூடம் திறந்திருந்தார்கள். அங்கே கணக்கு டீச்சர் இல்லை. மேலிடத்தில் யாரையும் பிடிக்காமலே இடம் கிடைத்துவிட்டது.

புதுப் பள்ளித் தலைமையாசிரியரிடமிருந்து ஒரு கார்டு வந்திருந்தது. இங்கே கணக்குக்கென்று தனி அறை இல்லை, அறிவியல் ஆசிரியரோடு ஒரு அலமாரியைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், உங்களுக்கு அடித்தட்டு என்று எழுதியிருந்தார். ரத்தினவேலும் எழுதியிருந்தார். "வீடு ஒரு ரூம், ஒரு அடுக்களை. சாமானைப் பார்த்துக் கொண்டு வா."

அலமாரியில் ஒரு தட்டு. பதினேழு வருடத்தை அதற்குள் அடக்க வேண்டும்.

பள்ளி விடுமுறையில் இருந்தது. பியூன் மாதப்பனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இடுப்பில் சேலையைச் செருகி, காலையிலேயே அறையைத் திறந்தாள். சுவரில் மாட்டிய மரக் காம்பஸ், ஆள் உயர ஸ்கேல், அட்டையில் செய்த கூம்பு, உருளை, கனசதுரம், பத்துப் பையில் நூறு நூறாக எண்ணிக் கட்டிய புளியங்கொட்டை, நிலம் அளக்கும் சங்கிலி ஒன்று, எப்போதோ பரிசு வாங்கிய சார்ட்டுகள், மூட்டை மூட்டையாகப் பேப்பர். எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு கதை இருந்தது. முதல் ஒரு மணி நேரம் அவள் கதை சொன்னாள், மாதப்பன் கேட்டான். பிறகு மாதப்பன் கொட்டாவி விட்டான்.

"டீச்சர், இப்படிப் போனா அடுத்த மே மாசம்தான் முடியும்."

"சரி சரி. காம்பஸும் ஸ்கேலும் ஸ்கூலுது. வர்ற வாத்தியாருக்கு இருக்கட்டும். அட்டையெல்லாம் கரையான் தின்னுடுச்சு, தூக்கிப் போடு. புளியங்கொட்டையை நீ எடுத்துக்க."

"ஆயிரம் புளியங்கொட்டைய வச்சு நான் என்னங்க டீச்சர் பண்றது?"

"வறுத்துத் தின்னு."

அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. எடுக்க எடுக்க அறை பெரிதாகிக்கொண்டே போனது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு இடத்தில் நின்று, "இவ்வளவு பெரிய ரூமா இது?" என்று கேட்டாள்.

கடைசியில் நின்றது அலமாரிக்கு மேலே இருந்த ஒரு கட்டு. ஆண்டுத் தேர்வில் தவறியவர்களின் விடைத்தாள்கள். சென்னம்மாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தவறிய பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, தாளைக் கையில் கொடுத்து, எங்கே மார்க் போனது என்று பார்க்கச் சொல்வாள். பார்த்ததற்கு அடையாளமாகக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தாளைத் திரும்ப வைத்துக்கொள்வாள். நாளைக்குப் பெற்றோர் யாராவது வந்து நியாயம் கேட்டால் காட்ட வேண்டுமே என்றுதான். பதினேழு வருடத்தில் ஒருவரும் வந்து கேட்டதில்லை. களை பறிக்கப் போகிறவர்கள் எங்கே வந்து கேட்பார்கள்?

"இத அடுப்புக்குப் போட்டுடலாங்களா?" என்றான் மாதப்பன்.

"இரு." நாலைந்து தாளை உருவிப் புரட்டினாள். ஒரு தாளைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. "இதைக் கேளு மாதப்பா. எழுபத்தெட்டாம் வருஷம், ஒன்பதாம் வகுப்பு. நானே போட்ட கணக்கு. 'ஒரு மூட்டையில் 24 வள்ளம் கேழ்வரகு உள்ளது. வீட்டில் நாளொன்றுக்கு 3 படி செலவாகிறது. ஒரு மூட்டை எத்தனை நாளைக்கு வரும்?' புஸ்தகத்துல இருக்கற மாதிரி ரயிலும் தண்ணித்தொட்டியும் வேண்டாம், நம்ம பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சதா இருக்கட்டும்னு போட்டேன். வள்ளத்துக்கு எத்தனை படி?"

"நாலு படி."

"உனக்குத் தெரியுது. இந்தப் பொண்ணு ரெண்டு படின்னு எழுதி, பதினாறு நாள்னு விடை கொண்டாந்திருக்கு. முப்பத்திரண்டு வரணும். நான் என்ன எழுதியிருக்கேன் பாரு." சிவப்புப் பென்சிலில் பெரிய பூஜ்ஜியம். பக்கத்தில் அவளுடைய திருத்தமான எழுத்தில்: 'வள்ளத்துக்கு எத்தனை படி? வீட்டில் கேட்டு வரவும்.' மொத்தம் முப்பத்தொன்று. கீழே சிறிய எழுத்தில் ஒரு கையெழுத்து: முனிலட்சுமி.

"ஆமா, யானைக்காட்டுப் பொண்ணுன்னு பசங்க கூப்பிடுவாங்களே, அதுதானே?" என்றான் மாதப்பன். "சானமாவு பக்கம். அத்தை வீட்டுல இருந்து படிச்சுது."

சென்னம்மாளுக்கும் மங்கலாக ஞாபகம் வந்தது. வாயே திறக்காத பெண். அவ்வளவுதான்.

மேஜைமேல் அவளுடைய சாக்பீஸ் பாத்திரம் இருந்தது. மரத்தில் குடைந்து, வாயைச் சுற்றி இரும்புப் பட்டை அடித்த கனமான பாத்திரம். எத்தனையோ வருடமாக அதில்தான் சாக்பீஸ் போட்டு வைத்திருந்தாள். எங்கே வாங்கினோம் என்று யோசித்தாள், நினைவில்லை.

"அதும் ஸ்கூலுதுங்களா?"

"இருப்புப் பதிவேட்டுல இல்ல. நான் வாங்கின ஞாபகமும் இல்ல."

"யாரோ எப்பவோ வச்சுட்டுப் போனதுங்க" என்றான் மாதப்பன், தலையைச் சொறிந்துகொண்டு.

கை பழகிய சாமான். அதை மட்டும் விட மனம் வரவில்லை. மிச்சமிருந்த சாக்பீஸையெல்லாம் அதில் அடுக்கினாள். பஸ் குலுக்கலில் உடையாமலிருக்க உருவிய தாள்கள் நாலைந்தையும் மேலே திணித்து, ஒரு துணியால் வாயைக் கட்டினாள். மிச்சக் கட்டு அடுப்புக்குப் போயிற்று.

ஓசூர் பள்ளி அவளை ஏமாற்றவில்லை, ஏனென்றால் அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒரு வகுப்பில் எண்பத்தாறு பிள்ளைகள். வீட்டில் கன்னடம் பேசுகிறவை, தெலுங்கு பேசுகிறவை, திருநெல்வேலியிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் அப்பாவோடு வந்தவை எல்லாம் ஒரே பெஞ்சில். ஃபேக்டரி சங்கு ஊதினால் பள்ளி மணிக்கு வேலையில்லை. அலமாரியின் அடித்தட்டில் பாத்திரத்தை வைத்தாள், அறிவியல் ஆசிரியரின் தவளை ஜாடிக்குக் கீழே. தட்டில் இன்னும் இடம் மிச்சமிருந்தது.

இரண்டாவது வாரம் அவள் சந்தைக்குப் போனாள். கேழ்வரகு குவித்து வைத்திருந்த ஒருத்தியிடம் விலை கேட்டாள். அவள் பெயர் மாரம்மா என்பது அப்புறம் சண்டையில் தெரிந்தது. வள்ளத்துக்குச் சொன்ன விலை மலிவாக இருந்தது. ஒரு வள்ளம் போடு என்று பையை விரித்தாள். மாரம்மா அளந்து கொட்டினாள். பையின் அடிகூட நிறையவில்லை.

"என்னம்மா இது? வள்ளம்னியே?"

"வள்ளம்தான் போட்டேன்."

"இதா வள்ளம்? பாதிகூட இல்ல! படிச்சவகிட்டயே இப்படின்னா பாமர ஜனத்த என்ன பண்ணுவே?"

மாரம்மா பக்கத்துக் கடைக்காரியிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். பிறகு தமிழுக்கு வந்தாள். "அக்கா, மாரம்மா அளவுல தப்புன்னு இந்தச் சந்தையில ஒருத்தர் சொல்லட்டும். நீங்க எந்த ஊரு?"

"சிங்காரப்பேட்டை."

"அதானே. உங்க பக்கம் பெரிய வள்ளம். எங்க பக்கம் இதுதான் வள்ளம். எங்க பாட்டன் காலத்துல இருந்து ரெண்டு படி. இந்தாங்க, பாருங்க." அளந்த பாத்திரத்தைத் தூக்கிக் காட்டினாள்.

மரத்தில் குடைந்தது. வாயைச் சுற்றி இரும்புப் பட்டை.

சென்னம்மாள் காசைக் கொடுத்துப் பையை எடுத்துக்கொண்டாள். நேராகப் பள்ளிக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை. பியூன் ஆஞ்சப்பனை எழுப்பிப் பூட்டைத் திறக்கச் சொல்லி, சாக்பீஸ் பாத்திரத்தை அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சாக்பீஸை முறத்தில் கவிழ்த்தாள். வாங்கிவந்த கேழ்வரகை அதில் கொட்டினாள். தலை தட்டி நின்றது. பிறகு அதைப் படியால் அளந்தாள். ஒன்று. இரண்டு. ஒரு மணிகூட மிச்சமில்லை.

முறத்தில் சாக்பீஸோடு அந்தத் தாளும் கிடந்தது. எடுத்து விரித்தாள். '1 வள்ளம் = 2 படி. 24 × 2 = 48 படி. 48 ÷ 3 = 16 நாள்.' ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

வள்ளத்துக்கு எத்தனை படி என்று அவள் கேள்வியில் போடவில்லை. போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. உலகத்துக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டாள், உலகம் சிங்காரப்பேட்டையோடு முடிந்துவிட்ட மாதிரி. ஐந்து மார்க் கணக்கு. முப்பத்தொன்றும் ஐந்தும் முப்பத்தாறு. அந்தப் பெண் பாஸ்.

ரத்தினவேல் வந்து பார்த்தபோது அடுப்பு பற்றவைக்காமல் இருந்தது. சென்னம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர், "பதினோரு வருஷம் ஆச்சு. அந்தப் பொண்ணுக்கே ஞாபகம் இருக்காது. விடு" என்றார். நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார்.

"எனக்கு ஞாபகம் இருக்குதே" என்றாள் அவள். "ஒரு மார்க் குறைச்சுப் போட்டதில்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. ஒண்ணு இல்ல, அஞ்சு." அவமானமாக இருந்தது. யாரும் பார்க்காத அவமானம், ஆனாலும் முகம் எரிந்தது. "சரி, இந்தப் பாத்திரம் எப்படி என் மேஜைக்கு வந்துச்சு? அதும் புரியல."

மறுநாள் ஆஞ்சப்பனிடம் விசாரித்தாள். அவனுக்கும் ஓசூரை அடுத்த சானமாவு பக்கம்தான் ஊர். "சிங்காரப்பேட்டையில அத்தை வீட்டுல படிச்ச முனிலட்சுமியா? நம்ம கேன்டீன் முனிலட்சுமிங்க டீச்சர்! ஃபேக்டரி கேன்டீன்ல இருக்குது. எங்க தெருவுக்கு அடுத்த தெரு" என்றான். தேடிக் கஷ்டப்பட வேண்டியிருக்கும், அதற்குள் மனது ஆறிவிடும் என்று உள்ளூர ஒரு ஆசை அவளுக்கு இருந்தது. அது நடக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பகல் பஸ்ஸில் சானமாவு பக்கம் போனாள். பையில் தாள். மடியில் பாத்திரம். "சாயங்காலத்துக்கு முன்னாடி திரும்பிடுங்கம்மா, யானை ரோட்டுக்கு வருது" என்று கண்டக்டர் சொன்னான். அவளுக்கு யானை பயமில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதுதான் பயமாக இருந்தது. முதல் வாக்கியம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தாள். பதினேழு வருடம் வாய் ஓயாமல் பேசியவளுக்கு ஒரு வாக்கியம் அமையவில்லை.

முனிலட்சுமி வீட்டு முன்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு. ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, "டீச்சர்!" என்று ஈரக்கையோடு ஓடிவந்தாள். அப்போதுதான் சென்னம்மாளின் இடுப்பில் இருந்த பாத்திரத்தைக் கண்டாள். வந்த கால் நின்றது.

"அம்மா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். "இங்க வந்து பாரு. நம்ம வள்ளம் வந்திருக்குது!"

உள்ளேயிருந்து அவள் அம்மா சரசம்மா வந்தாள். பாத்திரத்தை வாங்கித் திருப்பி அடியைப் பார்த்தாள். அடியில் ஒரு பிறை மாதிரி கீறல் இருந்தது. "நம்முதுதான்" என்றாள். சென்னம்மாளைப் பார்த்து, "யாரும்மா நீங்க? இது எங்க கெடச்சுது?" என்று கேட்டாள்.

சென்னம்மாளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "முனிலட்சுமி, இது உங்களுதா?"

"நான்தானே டீச்சர் கொண்டாந்து குடுத்தேன்."

"எப்ப? எதுக்கு?"

முனிலட்சுமி அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்கதானே எழுதியிருந்தீங்க, வீட்டில் கேட்டு வரவும்னு. லீவுல ஊருக்கு வந்து அப்பாகிட்ட கேட்டேன். ரெண்டு படின்னாரு. வாய்ல சொன்னா நீங்க நம்ப மாட்டீங்கன்னு, அம்மாவுக்குத் தெரியாம வள்ளத்தையே எடுத்துக்கினு வந்துட்டேன். பஸ்ல கண்டக்டர் இதுக்கு லக்கேஜ் போடணும்னாரு. மடியில வச்சுக்கிறேன்னு கெஞ்சினேன்."

"நான் பாக்கலியே."

"ஸ்கூல் தொறந்தப்ப நீங்க இல்ல. டிரெயினிங்னு தர்மபுரி போயிருந்தீங்க. மூணு நாள் பாத்தேன். அப்புறம் மாதப்பண்ணன்கிட்ட, டீச்சர் கேட்டுட்டு வரச் சொன்னாங்க, கேட்டுட்டு வந்திருக்கேன்னு சொல்லுங்கன்னு சொல்லி உங்க மேஜை மேல வச்சேன். நாலாம் நாள் நீங்க வந்துட்டீங்க. நான் ஜன்னல் பக்கம் வந்து நின்னு பாத்தேன்."

சென்னம்மாளுக்குக் கேட்க வேண்டாம் போலிருந்தது.

"நீங்க அதுல சாக்பீஸ் அடுக்கிக்கிட்டு இருந்தீங்க. சரி, டீச்சர் பாத்துட்டாங்க, பாத்தும் மார்க் போடலன்னு நெனச்சுக்கிட்டேன். அன்னிக்கே அத்தைய கூட்டிக்கினு வந்து டி.சி. வாங்கிட்டேன்."

"உள்ள வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி!"

"கேட்டு வரவும்னு எழுதினீங்க. கேட்டு வந்துட்டேன்" என்றாள் முனிலட்சுமி. குரலில் கோபமில்லை, ஆனால் பணிவும் இல்லை. "அதுக்கு மேல நான் என்ன டீச்சர் கேக்கறது?"

சரசம்மாவுக்கு இப்போதுதான் வந்தவள் யாரென்று விளங்கியது. "ஓ, அந்த டீச்சரம்மாவா?" என்று இடுப்பில் கை வைத்தாள். "இவ வள்ளத்தத் தொலச்சுட்டான்னு இவங்கப்பா தோலை உரிச்சாரு. டீச்சர்கிட்ட இருக்குதுன்னு சொன்னா யாரு நம்பறது? கணக்கு டீச்சருக்கு வள்ளம் எதுக்குன்னு அதுக்கும் ரெண்டு அடி. அந்த வருஷமெல்லாம் பக்கத்து வீட்டுல கடன் வாங்கித்தான் அளந்தோம்."

சென்னம்மாள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். மாதப்பன் அவளிடம் எதையும் சொல்லவே இல்லை. பதினோரு வருடம். ஒவ்வொரு நாளும் அந்தப் பாத்திரத்துக்குள் கை விட்டிருக்கிறாள். கேட்ட கேள்விக்குப் பதில் மேஜைமேல் இருந்திருக்கிறது. அவள் அதிலிருந்து சாக்பீஸ் எடுத்து, கரும்பலகையில் மற்றவர்களுக்குக் கேள்வி எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என் தப்பு முனிலட்சுமி" என்றாள். "உன் கணக்குல தப்பில்ல. என் கேள்விதான் தப்பு." பையிலிருந்து தாளையும் சிவப்புப் பென்சிலையும் எடுத்தாள். பூஜ்ஜியத்தை அடித்து ஐந்து போட்டாள். முப்பத்தொன்றை அடித்து முப்பத்தாறு போட்டாள். தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்திட்டு, அன்றைய தேதியைப் போட்டாள்.

முனிலட்சுமி தாளை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். "முப்பத்தாறு" என்றாள். இன்னொரு முறை, "பாஸ்" என்றாள். அவள் அழவில்லை. சென்னம்மாள்தான் அழுதாள். சரசம்மா என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"கேன்டீன்ல என்ன வேலை உனக்கு?" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள் சென்னம்மாள்.

"அரிசி பருப்பு அளந்து போடறது. ஷிஃப்டுக்கு நானூறு சாப்பாடு. எத்தனை பேருக்கு எவ்வளவுன்னு நான் சொல்லுவேன், ஸ்டோர்ல ஒருத்தன் அத எழுதிக்குவான். அவன் பத்தாவது பாஸ். அதனால அவனுக்கு நாற்காலி." சிரித்தாள். "நான் சொன்னதுல இதுவரைக்கும் ஒரு பிடி கூடினதில்ல, ஒரு பிடி குறைஞ்சதில்ல டீச்சர்."

தன் வாக்கியத்தை இன்னொருத்தி வாயில் கேட்பது சென்னம்மாளுக்கு அதுதான் முதல் தடவை. இவள் சொன்னால் பொருந்தியது.

"பத்தாவது பிரைவேட்டா எழுதலாம் முனிலட்சுமி. ஞாயித்துக்கிழமை வா. நான் சொல்லித் தர்றேன்."

முனிலட்சுமி தாளை நாலாக மடித்தாள். "யோசிக்கிறேன் டீச்சர். அந்தப் பரீட்சையில, வள்ளத்துக்கு எத்தனை படின்னு கேள்வியிலயே போட்டிருப்பாங்களா?"

குத்தலாகச் சொன்னாளா, உண்மையாகவே கேட்டாளா என்று சென்னம்மாளுக்குத் தெரியவில்லை. இரண்டும் அவளுக்கு நியாயமாகவே பட்டது. "போடாட்டி எழுந்து நின்னு கேளு" என்றாள். "நான் வெளியில நிக்கறேன்."

பஸ்ஸுக்கு நேரமாயிற்று. சரசம்மா வெறுங்கையோடு விடமாட்டேன் என்றாள். வீட்டு ராகி, நல்ல ராகி, கொஞ்சம் கொண்டுபோகத்தான் வேண்டும் என்று பையைப் பிடுங்கினாள். மகளிடம், "டீச்சருக்கு நம்ம வள்ளத்துலயே அளந்து போடு" என்றாள்.

முனிலட்சுமி முந்தானையால் பாத்திரத்தின் உட்புறத்தைத் துடைத்தாள். சாக்பீஸ் வெள்ளை மரத்தின் ரேகைக்குள் இறங்கியிருந்தது. எவ்வளவு துடைத்தும் போகவில்லை. போகாட்டி போகுது என்று கேழ்வரகை வாரி, கூம்பாக நிரப்பி, உள்ளங்கையால் தலை தட்டிப் பைக்குள் கொட்டினாள். காலிப் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"எவ்வளவு போட்டிருக்கேன், சொல்லுங்க டீச்சர்?"

சென்னம்மாள் பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஒரு வள்ளம்" என்றாள்.